பூஜப்புரை வட்டும் பெர்லின் வட்டும்

திருவனந்தபுரத்தின் பூஜப்புரையில், திருவிதாங்கூர் மகாராணி சேது லட்சுமி பாய் வாழ்ந்த சாட்டல்மண்ட் அரண்மனை, பின்னாளில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவாயிற்று. அறுவை மருத்துவர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் அந்நிறுவனம் உருவாக்கிய செயற்கை இதய வால்வின் வரலாறு, முதுகெலும்பில் பொருத்தப்படும் செயற்கை டிஸ்கின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்கத்தக்கது.

சித்ரா வால்வு என்பது உலோக வளையத்துக்குள் சாய்ந்து திறந்து, குருதி பின்னோக்கி ஓடாதபடி மூடிக்கொள்ளும் ஒரு வட்டு. முதல் மாதிரியில் பற்றவைப்பு விட்டுப்போயிற்று. இரண்டாவதில் டைட்டானியம் தேய்ந்தது. மூன்றாவதில் நீலக்கல் படிகத்தால் ஆன வட்டு விலங்குச் சோதனையின்போது உடைந்தது. கோபால்ட்-குரோமியக் கலப்புலோக வளையமும், மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்டதால் எளிதில் தேயாத பாலித்தீன் வட்டும் இணைந்த நான்காம் மாதிரியே நிலைத்து, 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்து, பேச்சுவழக்கில் ஜவ்வு எனப்படும் டிஸ்குக்கு மாற்றாக, 1960களில் ஸ்வீடன் மருத்துவர் ஃபெர்ன்ஸ்ட்ரோம் எஃகுக் குண்டுகளைப் பொருத்தினார். அவற்றில் பல எலும்புக்குள் அமிழ்ந்தன. 1980களில் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் ஷெல்நாக்கும், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வென்று பின்னர் மருத்துவரான காரின் பியூட்னர்-யான்ஸும் உருவாக்கிய டிஸ்கும் முதலிரு வடிவங்களில் தடுமாறி, 1987இல் வந்த மூன்றாம் வடிவத்தில்தான் நிலைபெற்றது. அதன் மேலும் கீழும் இருந்தவை கோபால்ட்-குரோமியத் தகடுகள். நடுவே இருந்தது அதே வகைப் பாலித்தீன். அமெரிக்கா 2004இல் அதற்கு அனுமதி வழங்கியது.

பொருள் ஒன்றாயினும் நோய் ஒன்றன்று. வால்வின் பழுதைப் பரிசோதனையில் திட்டமாகக் காட்டிவிடலாம். நாட்பட்ட முதுகுவலியோ டிஸ்கிலிருந்து மட்டுமின்றி, முள்ளெலும்புகளின் பின்புறச் சிறுமூட்டுகள், தசை, நரம்பு ஆகியவற்றிலிருந்தும் எழக்கூடும். ஆகவேதான் அச்சிறுமூட்டுகள் தேய்ந்தவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், முள்ளெலும்பு நழுவியவர்கள் ஆகியோருக்குச் செயற்கை டிஸ்க் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. இரு முள்ளெலும்புகளை ஒன்றாக இணைத்துவிடும் பழைய அறுவை முறையும் இதனாலேயே வழக்கொழியவில்லை. வட்டின் உறுதியைச் சோதனைக்கூடம் சொல்லிவிடும்; வலி அந்த ஜவ்விலிருந்துதான் வருகிறதா என்பதை ஒவ்வொரு நோயாளியிடத்தும் புதிதாகவே கண்டறிய வேண்டியிருக்கிறது.