மஞ்சள் டிராக்டர் ஏன் உழாது?

அமெரிக்காவில் சில ஏக்கர் நிலம் வைத்திருப்பவர்கள் பழைய லோடர் டிராக்டர் தேடினால், மலிவாகக் கண்ணில் படுவது பல சமயம் மஞ்சள் நிற 'இண்டஸ்ட்ரியல்' மாடல்தான். பார்க்க விவசாய டிராக்டர் மாதிரியே இருக்கும். ஆனா வண்டி வேற.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடு, சாலை, சாக்கடை வேலைகள் பெருகின. வயல் டிராக்டரிலேயே வாளியை மாட்டி வேலை வாங்கினார்கள். இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1953-ல் முன்னால் லோடர், பின்னால் தோண்டும் கை என்று இரண்டையும் ஒரே டிராக்டரில் சேர்த்தார். அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் நம்ம ஊர் ஜேசிபி. 1957-ல் அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் இப்படிப்பட்ட வண்டியைத் தொழிற்சாலையிலேயே முழுசாகக் கட்டி விற்றது.

வாளி நிறைய மண்ணைத் தூக்கினால் பாரம் முன் அச்சில்தான் இறங்கும். அதனால் இண்டஸ்ட்ரியல் மாடல்களில் முன் அச்சு கனத்தது. அடிக்கடி முன்னும் பின்னும் போக ஷட்டில் கியர் வந்தது. கலப்பை மாட்டும் மூணு பாயிண்ட் லிங்கேஜும், புல்வெட்டியைச் சுழற்றும் பி.டி.ஓ.வும் கட்டட வேலைக்கு எதுக்கு? பல வண்டிகளில் வைக்கவே இல்லை.

இன்றைக்குப் பழசு வாங்குறவங்க தலையில் விழுவது அந்த முடிவுதான். மண், சரளை அள்ள மட்டும்னா இந்த வண்டி நல்லாவே உழைக்கும். உழவும் புல் வெட்டவும் வேணும்னா, விலை பேசுறதுக்கு முன்னாடி பின்பக்கம் போய்ப் பாருங்க. பின்னால் சேர்க்க ஆகும் செலவு, மலிவா வாங்கின லாபத்தை முழுங்கிடும்.