மன்னார் நாரைகளும் அவற்றை வரைந்த கைகளும்

ஆழமற்ற நீரில் நடந்து இரைதேடும் நெடுங்கால் பறவைகளான நாரை, பூநாரை, கொக்கு, உள்ளான் ஆகியவற்றின் சிறு உருவப்படங்கள் இன்று கணினியில் ஆயத்தமாகக் கிடைப்பதால், அழைப்பிதழ் முதல் பாடநூல் வரை வேண்டிய இடத்தில் அவற்றை ஒட்டிக்கொள்ள முடிகிறது. இவ்வழக்கத்தின் வேர் அச்சுக்கூடத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் தாமஸ் பெவிக் தமது பறவை நூலின் இரு தொகுதிகளை 1797இலும் 1804இலும் வெளியிட்டபோது, கடினமான மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் உருவத்தைச் செதுக்கி, அக்கட்டையை ஈய எழுத்துகளோடு ஒரே பக்கத்தில் பூட்டி அச்சிட்டார். இரண்டாம் தொகுதி முழுவதும் நீர்ப்பறவைகளுக்கே உரியது. இத்தகைய செதுக்குகளை உலோகத்தில் படியெடுத்து அச்சகங்களுக்கு விற்பது பின்னர் தனித் தொழிலாயிற்று. நம் அச்சகத்தார் 'பிளாக்' என்று அழைத்த படக்கட்டை அந்த வழியில் வந்ததே.

இலங்கைப் பறவை ஓவியத்தின் வரலாறு பெவிக்குக்கும் முந்தியது. 1752 முதல் 1757 வரை ஒல்லாந்த ஆளுநராக இருந்த யோவான் கிதியோன் லோட்டன், இத்தீவிலேயே பிறந்த கலப்பு வம்சாவளியினரான பீட்டர் டி பெவரைக் கொண்டு பறவைகளை வரைவித்தார். மன்னார்க் கோட்டையும் அக்காலத்தில் ஒல்லாந்தர் வசமே இருந்தது. லோட்டன் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற ஓவியத் தொகுப்பைத் துணையாகக் கொண்டு தாமஸ் பென்னன்ட் 1769இல் ஒரு விலங்கியல் நூலை வெளியிட்டார். மன்னார்க் களப்புகளில், அதாவது கடலோடு தொடர்புடைய ஆழமற்ற உவர்நீர்ப் பரப்புகளில், இன்றும் மீன் பிடிக்கும் மஞ்சள் மூக்கு நாரை தன் அறிவியற்பெயரைப் பெற்றது அந்நூலில்தான். பெயரிட்டவர் என்ற முறையில் பென்னன்டின் பெயர் அந்நாரையோடு எழுதப்படுகிறது, ஆளுநரின் பெயர் ஒரு தேன்சிட்டில் நிலைத்துவிட்டது. பறவையை உற்றுநோக்கிக் கோடிழுத்த டி பெவரை ஆய்வாளர் சிலரே அறிவர் என்பது வருந்தத்தக்கது.

மன்னாரோடு இன்னும் நெருங்கிய தொடர்புடையவர் ஜி. எம். ஹென்றி. 1891இல் இலங்கையில் பிறந்த இவர், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பை 1906இல் குத்தகைக்கு எடுத்த கம்பெனியில் ஆய்வுக்கூட உதவியாளராகப் பதினாறாம் வயதில் சேர்ந்து, 1910இல் கொழும்பு அருங்காட்சியகத்தின் வரைவாளரானார். 1955இல் வெளிவந்த அவரது பறவைக் கையேட்டில் வண்ணப் படங்களோடு கறுப்பு மைக் கோட்டோவியங்களும் உண்டு. எழுதியவரே வரைந்தவருமாக இருந்ததால், அலகின் வளைவும் காலின் நீளமும் நிற்கும் தோரணையும் சொல்லுக்கும் படத்துக்கும் இடையே பிசகாமல் பொருந்தின. தொலைவில் நிறம் மங்கித் தெரியும் உள்ளான்களை வடிவத்தால் பிரித்தறிவதற்கு இத்தகைய கோடுகளே உதவுகின்றன.

ஆயத்தப் படங்களில் இந்தப் பொருத்தம் தவறிவிடுகிறது. கணினித் தொகுப்புகளில் மிகுதியாகக் காணப்படும், உடல் முழுவதும் செந்நிறமான பூநாரை, கரீபியக் கடற்பகுதிக்குரிய இனத்தை ஒத்தது. 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற, மன்னார்ப் பகுதியிலுள்ள வங்காலைக் களப்புக்கு வரும் பூநாரையோ பெரும்பாலும் வெளிறிய வெண்மை கொண்டது. அதன் செந்நிறம் முழுமையாகத் தெரிய அது சிறகை விரித்தெழ வேண்டும்.