டிக்ஸிலேண்ட் ஜாஸ்: வாரநாளில் வகுப்பு, வார இறுதியில் கச்சேரி... யேல் மாணவர் குழுவின் பெயருக்கும் சென்னைக்கும் என்ன தொடர்பு?

1958-ல் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் நடந்த ஜாஸ் விழாவை வைத்து 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' என்ற ஆவணப்படம் எடுக்கப்பட்டது. அதில் ஒரு பழைய திறந்த காரில் ஏறி, வாசித்துக்கொண்டே ஊரைச் சுற்றும் இளைஞர் கூட்டம் ஒன்று வரும். அவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஈலைஸ் சோசன் சிக்ஸ்' குழுவினர்.

படிக்கிற பசங்களுக்கு ஊர் ஊராகப் போய் வாசிக்க எப்படி முடிந்தது? இந்த இசை உண்மையில் யாருடையது? பார்க்கலாம்.

பெயரில் இருக்கும் சென்னை

'ஈலை' என்பது எலிஹு யேலைக் குறிக்கும். 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். பதவியைப் பயன்படுத்திச் சொந்த லாபம் பார்த்தார் என்ற புகாரில் பதவி இழந்தார். 1718-ல் அவர் அனுப்பிய சரக்குகளை விற்ற பணத்தில் அமெரிக்கக் கல்லூரி ஒன்று கட்டிடம் எழுப்பியது. நன்றிக்கடனாக அவர் பெயரையே வைத்துக்கொண்டது. அதனால்தான் யேல் மாணவர்களுக்கு 'ஈலை' என்ற செல்லப்பெயர். குழுவின் பெயருக்கு 'ஈலையின் தேர்ந்தெடுத்த ஆறு பேர்' என்று பொருள்.

டிக்ஸிலேண்ட் என்றால் என்ன?

நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1900-களின் தொடக்கத்தில் உருவான ஜாஸ் பாணி இது. முன்வரிசையில் மூன்று ஊதுகருவிகள். டிரம்பெட் அல்லது கார்னெட் மெட்டைப் பிடித்துக்கொள்ளும். கிளாரினெட் அதற்கு மேலே துள்ளி ஓடும். டிராம்போன் கீழே சறுக்கிச் சறுக்கி வழி அமைக்கும். பின்னால் பியானோ, பாஞ்சோ, டியூபா அல்லது பாஸ், டிரம்ஸ் ஆகியவை தாளத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இதில் விசேஷம் என்னன்னா, ஒருவர் வாசிக்க மற்றவர் காத்திருப்பது மட்டுமில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கற்பனையாக வாசிப்பார்கள். அடுத்தவர் என்ன செய்கிறார் என்று காது கொடுக்காவிட்டால் எல்லாம் வெறும் சத்தமாகிவிடும்.

சுற்றுப்பயணம் எப்படி நடந்தது?

1950-களில் யேல் ஆண்கள் மட்டும் படிக்கும் கல்லூரி. இளங்கலைப் படிப்பில் பெண்கள் சேர்ந்தது 1969-ல்தான். அதனால் வார இறுதி விருந்துகள் பெரிய விஷயம். பக்கத்து ஊர் மகளிர் கல்லூரிகளில் இருந்து விருந்தினர் வருவார்கள், நடனம் நடக்கும். சத்தமும் உற்சாகமும் நிறைந்த டிக்ஸிலேண்ட் அதற்குப் பொருத்தமாக இருந்தது.

நடத்துவதும் சுலபம். மைக், ஸ்பீக்கர் இல்லாமலே அறை அதிரும். டிரம்ஸை காரில் ஏற்றினால் கிளம்பிடலாம். எல்லா ஊர் வாசிப்பாளர்களுக்கும் பொதுவான பாடல் பட்டியல் இருந்ததால், ஒருவர் தேர்வுக்குப் போய்விட்டால் இன்னொருவர் வந்து உட்காரலாம்.

சில குழுக்கள் இன்னும் தூரம் போயின. பிரின்ஸ்டனில் தொடங்கிய ஸ்டான் ரூபினின் 'டைகர்டவுன் ஃபைவ்', 1956-ல் மொனாக்கோவில் நடிகை கிரேஸ் கெல்லியின் திருமணக் கொண்டாட்டத்தில் வாசித்தது. ஈலைஸ் சோசன் சிக்ஸ், கொலம்பியா நிறுவனத்துக்காக ஒரு எல்.பி. இசைத்தட்டு பதிவு செய்தது.

ஆனால் கல்லூரிக் குழுவுக்கு ஒரு சிக்கல் உண்டு. பட்டம் வாங்கியதும் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். 1947-ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் பிறந்து, பிறகு தொழில்முறைக் குழுவாக நீடித்த 'சால்ட்டி டாக்ஸ்' போன்றவை விதிவிலக்கு.

இசை யாருடையது?

இங்கேதான் சங்கடமான கேள்வி வருகிறது. இந்தப் பாணியை உருவாக்கியதில் முதன்மையானவர்கள் நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினக் கலைஞர்கள். ஆனால் 1917-ல் முதல் ஜாஸ் இசைத்தட்டை வெளியிட்டது 'ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்' என்ற வெள்ளையர் குழு. கிங் ஆலிவரின் குழு, இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் பதிவு செய்தது 1923-ல்தான்.

'டிக்ஸி' என்பதும் அடிமை முறை நிலவிய தென் மாநிலங்களைக் குறிக்கும் சொல். அதனால் இன்று பலர் 'பாரம்பரிய ஜாஸ்' அல்லது 'நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ்' என்றே சொல்ல விரும்புகிறார்கள். அன்றைய யேல் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள். கறுப்பினத்தவர் உருவாக்கிய இசை, கறுப்பின மாணவர்கள் மிகச் சிலரே இருந்த வளாகத்தில் விருந்து இசையாக ஒலித்தது.

அப்போ இது வெறும் கேளிக்கையா?

அப்படியும் முடித்துவிட முடியாது. ஈலைஸ் சோசன் சிக்ஸின் டிராம்போன் கலைஞர் ரோஸ்வெல் ரட். படிப்பு முடிந்து நியூயார்க் போனவர், கறுப்பினப் பியானோ கலைஞர் ஹெர்பி நிக்கல்ஸிடம் நேரடியாகக் கற்றார். 1964-ல் 'நியூயார்க் ஆர்ட் குவார்ட்டெட்' குழுவில் இருந்தார். பிறகு ஆர்ச்சி ஷெப்புடன் வாசித்தார். இவை 'ஃப்ரீ ஜாஸ்' எனும் கட்டுகள் தளர்ந்த புதுப் பாணி.

பழைய பாணியில் இருந்து இவ்வளவு புதுமைக்கு எப்படித் தாவினார்? அது தாவலே இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கற்பனையாக வாசிப்பது, அதே சமயம் ஒருவரையொருவர் கேட்பது என்ற பாடம் இரண்டுக்கும் பொது. விருந்துகளில் கற்ற அந்தப் பாடம் அவருக்குக் கடைசிவரை உதவியது. ரட் 2017-ல் காலமானார்.

அந்தப் படத்தைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். 1923-ல் கிங் ஆலிவருடன் வாசித்த ஆம்ஸ்ட்ராங் விழா மேடையில் நிற்கிறார். அவர் தலைமுறை வளர்த்த இசையைக் கற்றுக்கொண்ட பசங்க தெருவில் காரில் போகிறார்கள். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே படத்தில்!