மையல் முதல் மனநோய் வரை: பெயரும் வினையும்

முன்னுரை

மனம் நிலைதிரிந்த ஒருவரைக் குறிக்கத் தமிழில் வழங்கிய, வழங்கும் சொற்கள் பல. மையல், மயல், பித்து, பேய், பைத்தியம், கிறுக்கு, சித்தசுவாதீனமின்மை, மனநோய் என நீளும் இவ்வரிசையில் பெரும்பாலான சொற்கள் தத்தம் காலத்து நோய்க்கருத்தைத் தாங்கி நிற்கின்றன. பழைய சொல் வசையாகிவிட்ட நிலையில் புதிய சொல் ஒன்று மதிப்புடன் அறிமுகமாவதும், சில தலைமுறைகளில் அதுவும் வசையாக மாறுவதும் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன. இதற்குரிய காரணம் சொல்லில் உள்ளதா, அச்சொல்லால் சுட்டப்படுவோரைச் சமூகமும் அரசும் நடத்தும் முறையில் உள்ளதா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. பழந்தமிழ் இலக்கியச் சான்றுகளும், 1858 முதல் இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டங்களின் சொல்லாட்சியும் இங்கு ஒருங்கே நோக்கப்படுகின்றன.

இலக்கியத்தில் மையலும் மயலும்

இன்று பெரும்பாலும் காதல் மயக்கத்தையே குறிக்கும் 'மையல்' என்னும் சொல் முற்காலத்தில் மனத்திரிபையும் குறித்தது. கையில் பொருள் கிடைத்த பேதையின் நடத்தைக்கு, மையலுற்றவன் கள்ளுண்டு களித்த நிலையை உவமையாக்குகிறது திருக்குறளின் பேதைமை அதிகாரம். மதங்கொண்ட யானையின் நிலையும் மையல் எனப்பட்டது.

இச்சொல்லாட்சியின் விரிவான சான்று மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் உள்ளது. புகார் நகர வீதியில் மையலுற்ற ஒருவன் காட்டப்படுகிறான். அவன் அலரி மாலையும் எருக்க மாலையும் அணிந்தவன். கந்தலோடு சுள்ளிகளையும் சேர்த்து உடையாகக் கட்டியவன். உடல் முழுதும் வெண்ணீறு பூசியவன். பலரிடமும் பொருந்தாதன பேசுகிறான். அழுகிறான், விழுகிறான், அரற்றுகிறான், தொழுகிறான், சுழல்கிறான், ஓடுகிறான். ஓரிடத்தில் ஒதுங்கி நெடுநேரம் நிற்கிறான். தன் நிழலோடே பகைக்கிறான். சாத்தனார் அவனுக்குத் தரும் பெயர் ஒன்று, வினைகளோ பல. அவனைச் சூழ்ந்தோர் நகைத்ததாகவோ கல்லெறிந்ததாகவோ காதை கூறவில்லை. அவனது துன்பத்தைக் கண்டு வருந்தி நின்றதாகவே கூறுகிறது. 'துன்பம்' என்னும் சொல் அவன்மேல் ஏற்றப்பட்டிருப்பது இங்குக் கருதத்தக்கது.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை இன்னொரு வகையில் முக்கியமானது. புகாரின் ஐவகை மன்றங்களுள் நெடுங்கல் நின்ற மன்றத்தைச் சுற்றிவந்து தொழுவோரை அது வகைப்படுத்துகிறது. வஞ்சனையால் ஊட்டப்பட்ட மருந்தால் மயலுற்றோர், நஞ்சுண்டோர், பாம்பு தீண்டப்பெற்றோர், பேயால் பற்றப்பட்டோர் எனத் தனித்தனியே எண்ணப்படுகின்றனர். மயலுற்றோரும் பேய்பற்றியோரும் ஒரே வகையினராக அங்குக் கருதப்படவில்லை என்பது இதனால் புலனாகிறது.

பெயர் பிழைத்தால் மருத்துவமும் பிழைக்கும் என்பதைச் சங்க அகப்பாடல்களின் வெறியாட்டுத்துறை காட்டுகிறது. தலைவியின் மெலிவைத் தாய் முருகணங்கு எனக் கொள்கிறாள், வேலன் வருகிறான், பலி இடப்படுகிறது. உண்மைக் காரணம் காதல் என்பதைத் தோழியும் தலைவியும் மட்டுமே அறிவர். நற்றிணை 34ஆம் பாடல் அறிந்தும் வந்த முருகனையே அறியாமை உடையவனாகச் சாடுகிறது. குறுந்தொகை 362ஆம் பாடல் வேலனை நோக்கி எள்ளலான வினாவை எழுப்புகிறது. துன்புறுபவளைக் கேளாமல் பிறர் இடும் பெயர் குறித்த ஐயம் தமிழ் மரபில் மிகப் பழையது எனலாம்.

பித்து, பேய்: பழிப்பும் போற்றலும்

வாதம், பித்தம், கபம் என்னும் முத்தாதுக் கொள்கையின் வழியே மனத்திரிபுக்கு உடலைக் காரணமாகக் கண்ட சொல் 'பித்து'. 'பைத்தியம்' என்பதும் பித்தத்தின் தொடர்பால் அமைந்த வடசொல்லின் திரிபே. பித்தநோய் என்பதே அதன் முதற்பொருள். இன்று கடும் வசையாக ஒலிக்கும் இச்சொல் பிறப்பில் ஒரு மருத்துவச் சொல் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

பக்தி இலக்கியம் இச்சொற்களின் மதிப்பை மாற்றியது. தம்மை அடிமை என வழக்குரைத்த முதியவரைச் சுந்தரர் பித்தன் என்று இகழ்ந்ததையும், அவ்விகழ்ச்சிச் சொல்லையே முதலாகக் கொண்டு பாடுமாறு இறைவன் பணித்ததையும் பெரியபுராணம் கூறும். காரைக்காலம்மையார் தம்மைப் பேய் என்றே பெயரிட்டுக் கொண்டார். உலகோர் உண்டு என்பதை இல்லை என்பவன் அலகையாக, அதாவது பேயாக, எண்ணப்படுவான் என்பது வள்ளுவர் காட்டும் உலக வழக்கு. குலசேகராழ்வாரோ, உலகோர்க்குத் தாம் பேயராகத் தோன்றுவது போலவே தமக்கு உலகோர் தோன்றுவதாகப் பெருமாள் திருமொழியில் பாடுகிறார். பெயரிடுவோர் யார், பெயரிடப்படுவோர் யார் என்பதைப் பொறுத்தே இச்சொல்லின் பொருள் அமைகிறது என்னும் உணர்வு இங்கு வெளிப்படுகிறது.

சட்டத்தின் சொற்கள்

இலக்கியத்தில் ஒரு நிலையைக் குறித்த சொல், காலனிய ஆட்சியில் ஒரு மனிதவகையைக் குறிக்கும் சொல்லாயிற்று. 1858இல் இயற்றப்பட்ட மூன்று சட்டங்களுள் இரண்டு, மனநிலை திரிந்தோரின் சொத்தை நீதிமன்றங்கள் மேற்பார்வை செய்வது பற்றியவை. மூன்றாவது, அவர்களை அடைத்துவைக்கும் காப்பகங்கள் பற்றியது. பத்திரத் தமிழில் வழங்கிய 'சித்தசுவாதீனம்' என்னும் தொடர் இச்சூழலோடு பொருந்துகிறது. 'சுவாதீனம்' என்பது நிலபுலன்களின் அனுபோகத்தைக் குறிக்கும் சொல். நிலத்தைப் போல மனமும் ஒருவரது கைவசம் இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லாதவர் உயில் எழுதவோ விற்கவோ தகுதியற்றவர் என்னும் கருத்து அத்தொடருள் அடங்கியுள்ளது.

1912ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், நிலவின் இலத்தீன் பெயரடியாகப் பிறந்த 'லூனடிக்' என்னும் சொல்லையே கையாண்டது. அதன் 13ஆம் பிரிவு, தெருவில் திரியும் அத்தகையோரைக் கைது செய்யும் அதிகாரத்தைக் காவல்நிலைய அலுவலருக்கு அளித்தது. மணிமேகலை காட்டும் மகன் அச்சட்டக் காலத்தில் வீதியில் தோன்றியிருப்பின், அவனுக்குரிய வினை 'கண்டு வருந்துதல்' அன்று, 'கைது செய்தல்'.

விடுதலைக்குப் பின்னும் இச்சொற்கள் நீங்கவில்லை. 1955இன் இந்துத் திருமணச் சட்டத்தில் முதலில் இடம்பெற்ற 'லூனடிக்' என்னும் சொல் 1976இல் திருத்தப்பட்டது. அத்திருத்தம் மனநோயோடு சேர்த்துவைத்த காக்காய் வலிப்பு 1999இல்தான் அப்பிரிவிலிருந்து நீக்கப்பட்டது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 1987இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, 'மனநோயுற்ற நபர்' என்னும் பெயர் அமைந்தது. மருத்துவம் தேவைப்படுபவர் என அவர் வரையறுக்கப்பட்டார். 'கைது' என்னும் வினையும் 'பாதுகாப்பில் எடுத்தல்' என மாறியது.

நிறுவனப் பெயர் வசையாதல்

பெயர்மாற்றத்தின் எல்லையை உணர்த்தும் தெளிவான சான்று சென்னை மருத்துவமனையின் வரலாறு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான வேலன்டைன் கொனோலி 1794இல் சென்னையில் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். கீழ்ப்பாக்கத்தில் 1871இல் புதிய காப்பகம் திறக்கப்பட்டது. 1922இல் அதன் பெயர் 'மெண்டல் ஆஸ்பத்திரி' எனப் பொருள்படுமாறு மாற்றப்பட்டது. நோயாளிக்கு மதிப்பளிக்கும் நோக்குடன் வந்த அப்பெயரின் முற்பகுதியான 'மெண்டல்' இன்று பள்ளிச் சிறுவரும் வீசும் வசைச்சொல்.

இதனினும் கருதத்தக்கது, எப்பொருளும் ஏற்றப்படாத ஊர்ப்பெயர்களே வசையானமை. தமிழில் கீழ்ப்பாக்கம், மலையாளத்தில் குதிரவட்டமும் ஊளம்பாறையும், இந்தியில் ஆக்ராவும் ராஞ்சியும் இவ்வாறு வழங்குகின்றன. இச்சொற்களின் வேரில் இழிவு ஏதும் இல்லை. மதிலுக்குள் ஒருவரை அனுப்பிவிட்டுத் திரும்பிப் பாராத வழக்கமே ஊர்ப்பெயரில் படிந்தது.

ஏர்வாடியும் அதன் பின்னும்

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் 28 பேர் உயிரிழந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் தப்ப இயலவில்லை. நோய்தீர வேண்டிக் குடும்பங்கள் நாடிவரும் தர்காவைச் சூழ்ந்து அத்தகைய காப்பகங்கள் பெருகியிருந்தன. வழிபாட்டிடத்தில் நோய்தீர வேண்டுதல் நெடுங்கல் மன்றக் காலந்தொட்டு வருவது. ஆனால் அம்மன்றத்தில் நோயுற்றோர் சுற்றிவந்து தொழுதனர்; ஏர்வாடியில் அவர்கள் கட்டப்பட்டிருந்தனர். 'மனநோயுற்ற நபர்' என்னும் மதிப்பான பெயரைத் தந்த சட்டம் அப்போது நடைமுறையில் எட்டு ஆண்டுகளைக் கடந்திருந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கின் தலைப்பிலும் 'அசைலம்' என்னும் பழைய சொல்லே இடம்பெற்றது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வினைகளின்மேல் கருத்தூன்றியது. எவ்வடிவிலும் சங்கிலியிடுதல் 95ஆம் பிரிவால் தடைசெய்யப்பட்டது. சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, சமய நெறிகளுக்கு ஒத்துவராமையைக் கொண்டு ஒருவரை மனநோயாளி எனத் தீர்மானித்தல் கூடாது என்கிறது 3ஆம் பிரிவு. குலசேகரர் பாடலில் உள்ள முரண் இங்குச் சட்ட நெறியாகிறது. மனநோய் உள்ளது எனக் கண்டறிந்த அளவில், நீதிமன்றம் அறிவித்தாலன்றி, அவர் நலமற்ற மனத்தினர் ஆகிவிடமாட்டார் என்பதும் அப்பிரிவில் உள்ளது.

எனினும் 'நலமற்ற மனம்' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலத் தொடர் மறையவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் தகுதியிழப்பு பற்றிய அரசியலமைப்பின் 102ஆம் உறுப்பிலும், வாக்குரிமை பற்றிய 326ஆம் உறுப்பிலும் அதன் வடிவங்கள் உள்ளன. 2023 ஆகஸ்டில் அறிமுகமான பாரதிய நியாய சன்ஹிதாவின் முதல் வரைவில் குற்றப்பொறுப்பு விலக்கிற்கு 'மனநோய்' என்னும் சொல் இருந்தது. டிசம்பரில் நிறைவேறிய வடிவின் 22ஆம் பிரிவிலோ பழைய தொடர் மீண்டது. மனநோய் என்பது பரந்த சொல். அதனுள் அடங்குவோர் அனைவரும் தம் செயலின் தன்மையை அறியாதவர் அல்லர். ஆதலின் இம்மீட்சியைப் பிற்போக்கு என ஒதுக்கிவிட இயலாது. நோயையும் பொறுப்பின்மையையும் வேறுபடுத்த இரு சொற்கள் தேவை என்பதையே அது உணர்த்துகிறது.

முடிவுரை

மையல் காதலாயிற்று, பித்து பக்தியாயிற்று, பைத்தியமும் மெண்டலும் வசையாயின. இம்மாற்றங்களை நோக்குமிடத்து, ஒரு சொல்லின் மதிப்பைப் பெரிதும் தீர்மானிப்பது அதன் வேர்ப்பொருள் அன்று, அதனைத் தொடரும் வினையே என்பது பெறப்படுகிறது. இதழ்களும் மொழிபெயர்ப்பாளரும் நற்பெயர் தேடுவது வேண்டத்தக்கதே. 'பைத்தியம்' என எழுதாமை நன்று. ஆயின் வாக்களித்தல், உயில் எழுதுதல், வீடு திரும்புதல், தன் துன்பத்தைத் தானே சொல்லுதல் ஆகிய வினைகளுக்கு எழுவாயாக நிற்கும் உரிமை நோயுற்றவருக்கு வாய்க்காதவரை, 'மனநோய்' என்னும் சொல்லும் மெண்டல் சென்ற வழியே செல்லும் என்பதை இச்சொல்வரலாறு உணர்த்துகிறது.