கழற்றிய கம்மல் எங்கே போனது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை முடிந்து ரயிலுக்கு நடக்கும் பெண்களில் சிலரைத் தூரத்திலிருந்தே இனம் சொல்லிவிடுவார்கள். காதில் கம்மல் இருக்காது. குத்திய துளையும் பாதி தூர்ந்திருக்கும். பொட்டு இல்லை, பூ இல்லை, வளையல் இல்லை. ‘அல்லேலூயாக்காரங்க’ என்று ஊர் அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்திருக்கிறது. என் பெரியம்மாக்களில் இருவர் அவர்களைச் சேர்ந்தவர்கள். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டால், “வேதத்துல இருக்கு” என்பார்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தையும், பேதுருவின் முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தையும் காட்டுவார்கள். நகை வேண்டாம் என்று சொல்லும் அதே அதிகாரங்கள்தாம் பெண் அமைதியாக இருக்க வேண்டும், புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் சொல்கின்றன.

இதற்குப் பெண்ணியத்தில் உடனடியாகக் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: இது பெண்ணுடல் மீதான ஆணின் அதிகாரம். அந்தப் பதில் தவறல்ல. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பெரியம்மாக்களை ஏமாளிகளாக்கிவிடுகிறோம். ‘என்றைக்கும் உள்ள வேத ஒழுங்கு’ என்று இன்று சொல்லப்படும் ஒவ்வொன்றுக்கும் தமிழ் மண்ணில் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதிகளைப் பார்த்தால், கட்டுப்பாடு சில சமயம் பெண்களுக்குச் சாதகமாகவும் இருந்திருக்கிறது. மாறாமல் இருந்தது ஒன்றுதான்: முடிவெடுக்கும் இடத்தில் பெண் இல்லை.

போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த டூர்னோன் 1704இல் ஓர் ஆணை பிறப்பித்தார். மதுரை, மைசூர், கர்நாடக மிஷன்களில் சேசு சபையினர் உள்ளூர் வழக்கங்களுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆணையின் பதினாறு விதிகளில் பல பெண்களைப் பற்றியவை. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. 108 இழையில் மஞ்சள் தோய்த்த கயிறு கூடாது. பெண் பூப்பெய்தியதை ஊரறியக் கொண்டாடக் கூடாது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: மாதவிலக்கான பெண்ணைத் திருவருட்சாதனங்களிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது.

ரோமின் கண்டிப்பான வைதீகம் இங்கே பெண்ணுக்குக் கதவைத் திறக்கிறது. உள்ளூர்ப் பண்பாட்டை மதித்த தாராளம் அவளை வெளியே நிறுத்தியிருக்கிறது. பழமைவாதம் என்றால் ஒடுக்குமுறை, இசைந்துபோவது என்றால் விடுதலை என்ற எளிய சமன்பாடு இந்த இடத்தில் உடைகிறது. நாற்பது ஆண்டுகள் நீண்ட அந்த வழக்கை 1744இல் பதினான்காம் பெனடிக்ட் முடித்து வைத்தார். வழக்காடியவர்களும் தீர்ப்புச் சொன்னவர்களும் பாதிரிமார்கள். கழுத்தும் கயிறும் மட்டும் பெண்களுடையவை. தாலியும் போய்விடவில்லை, பிள்ளையார் இருந்த இடத்துக்குச் சிலுவை வந்தது. போர்த்துக்கீசியர் காலத்து மகிமை மாதா கோயில் உள்ள பழவேற்காடும் எங்கள் திருவள்ளூர் மாவட்டம்தான். கத்தோலிக்கரின் சிலுவைத் தாலியும் பெந்தெகொஸ்தேக்காரரின் வெறுங்கழுத்தும் எங்கள் பக்கம் ஒரே ரயில் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து போகின்றன.

நகையைக் கழற்றியதற்கு வேறொரு முன்கதை திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. 1890களின் பிற்பகுதியில் ஏமி கார்மைக்கேலோடு பொன்னம்மாள் முதலான தமிழ்ப் பெண்கள் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார்கள். ‘நட்சத்திரக் கூட்டம்’ என்று அவர்களுக்குப் பெயர். அவர்களில் சிலர் நகைகளைக் கழற்றியபோது கிறிஸ்தவ வீடுகளிலேயே எதிர்ப்புக் கிளம்பியது. அன்றைக்குப் பெண்ணின் மேல் கிடந்த பொன் அவளுடைய அழகுக்கானது மட்டுமல்ல; குடும்பத்தின் கௌரவம், கடன் வாங்கும் தகுதி, கல்யாணச் சந்தையின் விலை. அதைக் கழற்றிய பெண் குடும்பத்தின் காட்சிப் பொருளாக இருக்க மறுத்தாள். அந்தக் கழற்றல் எந்தப் பாஸ்டரின் கட்டளையாலும் நடந்ததல்ல. வீட்டை விட்டு வெளியே போய்ச் செய்யும் ஒரு வேலைக்காக, வீட்டாரை எதிர்த்து, அவர்களே எடுத்த முடிவு.

இந்தியாவின் பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்கும் இப்படி ஒரு தொடக்கம் உண்டு. அமெரிக்காவில் அசூசா தெருக் கூட்டங்கள் 1906இல் தொடங்கின. அதற்கு ஓர் ஆண்டு முன்பே, 1905இல், புனேக்கு அருகில் கேட்காவ் என்ற ஊரில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி மிஷனில் பெரும் எழுப்புதல் உண்டானது. அங்கே இருந்தவர்கள் இளம் விதவைகள், பஞ்சத்தில் தப்பிய சிறுமிகள். வாய்விட்டு ஜெபித்ததும், குழுக் குழுவாக வெளியே போய்ப் பிரசங்கித்ததும் அவர்கள்தாம். சமூகம் வாய்மூடச் சொன்னவர்களின் வாயிலிருந்து கிளம்பிய இயக்கம் அது. 1920களில் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் தமிழ்நாட்டில் ஆழ வேரூன்றியது. வெள்ளையுடை, நகையில்லாமை, மணமாகாத முழுநேர ஊழியம் ஆகியவை அதன் அடையாளங்கள். கல்யாணமே கதி என்றிருந்த காலத்தில், கல்யாணம் செய்யாமல் மதிப்போடு வாழ ஒரு வழியைப் பெண் ஊழியர்களுக்கு அது கொடுத்தது. ஆனால் தலைமைப் பாஸ்டர்கள் எல்லாரும் ஆண்கள்.

சபைக்குள் இருந்த இந்த ஏற்பாடு சட்டத்திலும் எழுதப்பட்டது. 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டப்படி, மனைவி பிறனோடு உறவு வைத்திருந்தாள் என்று நிரூபித்தாலே கிறிஸ்தவக் கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவிக்கு அது போதாது. கணவனின் பிறனுறவோடு கொடுமையையோ இரண்டாண்டுக் கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். அடி உதை மட்டும் விவாகரத்துக்குக் காரணமாகாது. இதற்கு முன்மாதிரியான 1857ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாரபட்சத்தை இங்கிலாந்து 1923இல் நீக்கிவிட்டது. நம்முடைய சட்டம் திருந்த 2001 வரை ஆனது. இடைப்பட்ட 78 ஆண்டுகளில், விக்டோரியா காலத்து ஆங்கிலேயரின் ஒழுக்கம் நம் பெண்களுக்கு வேத ஒழுங்காக நின்றது. சட்டம் மாறிய பிறகும், அடிவாங்கி வந்த எங்கள் தெருப் பெண் ஒருத்தியிடம் “உபவாசம் இரும்மா, கர்த்தர் அவனை மாத்துவார்” என்றுதான் சொல்லியனுப்பினார்கள்.

சில சமயம் அவன் மாறுகிறான் என்பதையும் சொல்லியாக வேண்டும். சபைக்குப் போன கணவன் குடியை விட்டால் சம்பளம் வீட்டுக்கு வருகிறது. கொலம்பியாவில் இதே நிலையை ஆராய்ந்த மானுடவியலாளர் எலிசபெத் பிரஸ்கோ, சுவிசேஷ சபைகள் ஆண்களின் நடத்தையை வீட்டை நோக்கித் திருப்புகின்றன என்று 1995இல் வெளியான தன் நூலில் காட்டினார். ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டில் இது சின்ன விஷயமல்ல. நகை போடாத சபையில் இன்னோர் ஆறுதலும் உண்டு: கல்யாணத்துக்கு வெறுங்காதோடு போனாலும் யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. இல்லாமையை அங்கே பரிசுத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அதனால்தான் நான் பேசிய பெண்களிடம் ‘ஏன் கழற்றினீர்கள்’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘கழற்றிய கம்மல் எங்கே போனது’ என்று கேட்க ஆரம்பித்தேன். பதில்கள் ஒரே மாதிரி இல்லை. ஒருவர் விற்று மகளை நர்சிங் படிக்க வைத்திருக்கிறார். இன்னொருவருடையது காணிக்கைத் தட்டுக்குப் போனது. மூன்றாமவர் சிரித்தார்: “அவர்தான் வாங்கிட்டுப் போனாரு. பைக் வந்துச்சு.” ஏழைப் பெண்ணுக்குத் தங்கம் ஆபத்துக்கு அடகு வைக்கும் ஒரே சொத்து. அது போகும் இடத்தை அவளே தீர்மானித்தால் அந்தக் கழற்றல் பொன்னம்மாள் கூட்டத்தாரின் வழி. வேறொருவர் தீர்மானித்தால், விசுவாசத்தின் பெயரால் அவள் கையிருப்பு பறிபோயிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு காதும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை 1976இல் எலிசபெத் பாலுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013இல் புஷ்பா லலிதா நந்தியால் பேராயரானார். பெண் பேசக் கூடாது என்று படிக்கப்பட்ட அதே அதிகாரத்தை அந்தச் சபையும் தன் வேதாகமத்தில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்தது. ஆக, வேதம் இடம் கொடுக்காது என்பது முழு விடையல்ல. யார் வாசித்து யார் முடிவு செய்கிறார்கள் என்பதும் அதில் இருக்கிறது. சிப்காட் சுற்றுவட்டாரத்தில் நான் பார்த்த ஜெபவீடுகளில் பாய் விரிப்பவர்களும், வெள்ளிக்கிழமை உபவாசம் இருப்பவர்களும், கூலியில் தசமபாகம் எடுத்து வைப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். மைக்கும் கணக்கு நோட்டும் அவர்கள் கைக்கு வர எந்த வசனம் தடை என்று அவர்களே ஒருநாள் அந்த அதிகாரத்தைத் திறந்து கேட்கலாம். கேட்பதற்குச் சபையை விட்டு வெளியே வர வேண்டியதில்லை.