மனை நம்முடையது, கட்ட அனுமதி இல்லை என்றால்?

பத்திரமும் பட்டாவும் நம் பெயரில் இருக்கின்றன. ஆனால் வீடு கட்ட அனுமதி கேட்டால், "மாஸ்டர் பிளானில் இந்த இடம் பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது" என்று பதில் வருகிறது. அரசு இடத்தை எடுப்பதும் இல்லை, பணம் தருவதும் இல்லை. விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. வாரிசுகள் பாகம் பிரிப்பதும் சிக்கலாகிறது. இது வெறும் கட்டுப்பாடா, சொத்தைப் பறிப்பதா?

எல்லாக் கட்டுப்பாடும் பறிப்பு ஆகாது. சாலையோரம் இடம் விட வேண்டும், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது போன்ற விதிகள் எல்லோருக்கும் பொதுவானவை. நிலத்தின் பயன் நம்மிடமே இருப்பதால் அவற்றுக்கு இழப்பீடு கேட்க முடியாது. ஒருவருடைய இடத்தைப் பொதுத் தேவைக்கென ஒதுக்கி, வாங்காமலேயே முடக்கி வைப்பதுதான் பிரச்சினை.

1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் சொத்துரிமை அடிப்படை உரிமை என்ற நிலையை இழந்தது. ஆனாலும், சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 300ஏ பிரிவு. முன்னறிவிப்பு, ஆட்சேபனையைக் கேட்டல், நியாயமான இழப்பீடு ஆகியவை இந்த உரிமையில் அடங்கும் என்று கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024இல் கூறியது.

தமிழ்நாட்டில் இதற்குக் காலக்கெடு உண்டு. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவின்படி, திட்ட அறிவிப்பு அரசிதழில் வெளியான 3 ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தும் அறிவிக்கை வெளியாக வேண்டும். அல்லது பேசி விலைக்கு வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும். அதற்குப் பிறகும் வழக்கமான கட்டட விதிகள் பொருந்தும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. மனை வாங்கும் முன் சர்வே எண்ணைக் கொண்டு திட்ட வரைபடத்தில் நிலப் பயன்பாட்டைப் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களையே காட்டும். இந்த ஒதுக்கீட்டைக் காட்டாது.

2. வரைவுத் திட்டம் வெளியானால், கெடுவுக்குள் ஆட்சேபனையை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

3. 3 ஆண்டுகள் கடந்திருந்தால், 38ஆவது பிரிவைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும். மறுத்தால் எழுத்துப்பூர்வமான உத்தரவைப் பெற்று, வழக்கறிஞர் மூலம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம்.

வாய்மொழியாகச் சொல்லப்படும் "முடியாது" என்ற பதிலோடு திரும்பி வந்துவிடக் கூடாது. எழுத்தில் உள்ள மறுப்பே வழக்குக்கு அடிப்படை.