அச்சமும் அளவையும்: ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கு மக்கள் ஆற்றிய எதிர்வினை (2011–2013)

முன்னுரை

2011 மார்ச் 11ஆம் நாள் பிற்பகல் 2.46 மணிக்கு ஜப்பானின் வடகிழக்குக் கடலடியில் 9.0 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனைத் தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலை ஏறத்தாழ 15,900 உயிர்களைக் கொண்டது; 2,500க்கும் மேற்பட்டோர் இன்றளவும் காணாமற்போனோர் பட்டியலில் உள்ளனர். அதே அலை ஃபுகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தின் மின்வழங்கலைத் துண்டித்து, மூன்று உலைகளின் எரிபொருள் உருகக் காரணமாயிற்று. இவ்விபத்தின் பொறியியற் கூறுகள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. மக்களின் எதிர்வினையோ பெரும்பாலும் இரண்டு சொற்களுக்குள் அடக்கப்பட்டது. பிற நாட்டு இதழ்கள் ஜப்பானியரின் ‘பொறுமை’யைப் புகழ்ந்தன, கதிர்வீச்சு குறித்துக் கேள்வி எழுப்பியோரிடம் அதிகாரிகள் ‘அச்சம்’ கண்டனர்.

இவ்விரு சொற்களும் நிகழ்ந்ததை முழுமையாக விளக்குவன அல்ல. மக்கள் நாடியது அளவைகளை: காற்றிலும் நீரிலும் உணவிலும் என்ன இருக்கிறது, அதை யார் அளந்தனர், ஏன் உடனே சொல்லவில்லை என்பனவே அவர்தம் வினாக்கள். அச்சம் எனப் பெயரிடப்பட்டதன் பெரும்பகுதி தகவல் உரிமைக்கான கோரிக்கையே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அக்கோரிக்கை தமிழகத்தின் தென்கடற்கரையில் எதிரொலித்த வகையும் இங்கு ஆராயப்படுகிறது.

முதல் நாள்கள்

நிலையத்தின் ஆறு உலைகளுள் 1, 2, 3 ஆகியன நிலநடுக்கத்தின்போது இயங்கிக்கொண்டிருந்தன. அவை உடனே தாமாக நின்றன. ஆயினும் நின்ற உலையின் எரிபொருளும் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதனைத் தொடர்ந்து குளிர்விக்க மின்சாரம் தேவை. வெளி மின்தடம் நிலநடுக்கத்தால் அறுந்தது. மாற்றாக இயங்கத் தொடங்கிய டீசல் மின்னாக்கிகளை, சுமார் 50 நிமிடங்களுக்குப் பின் வந்த அலை மூழ்கடித்தது. நிலையம் 5.7 மீட்டர் அலையை எதிர்நோக்கியே காக்கப்பட்டிருந்தது. வந்த அலையோ 14 மீட்டரைத் தாண்டியது. 15.7 மீட்டர் வரை அலை எழக்கூடும் என்று நிலையத்தை நடத்திய தோக்கியோ மின்னாற்றல் நிறுவனமே 2008இல் ஓர் உட்கணிப்பில் கண்டிருந்தது என்பது பின்னர் வெளிவந்தது.

அன்றிரவு 9.23 மணிக்கு 3 கிலோமீட்டர் சுற்றளவிலுள்ளோர் வெளியேற அரசு ஆணையிட்டது. மறுநாள் அதிகாலை இவ்வெல்லை 10 கிலோமீட்டராகவும், முதல் உலைக் கட்டடத்தில் ஹைட்ரஜன் வெடித்தபின் அன்று மாலை 20 கிலோமீட்டராகவும் விரிந்தது. 15ஆம் நாள், 20 முதல் 30 கிலோமீட்டர் வரை உள்ளோர் வீட்டினுள்ளேயே இருக்குமாறு பணிக்கப்பட்டனர். முதல் ஆணை பிறந்த வேளையில் நிலையம் அமைந்த நகர மக்களுள் ஐந்தில் ஒரு பங்கினரே விபத்தைப் பற்றி அறிந்திருந்தனர் என நாடாளுமன்றம் அமைத்த விசாரணை ஆணையம் பின்னர்க் கண்டறிந்தது. நமியே நகர நிர்வாகம் வெளியேற்ற ஆணையைத் தொலைக்காட்சி வாயிலாகவே தெரிந்துகொண்டது.

அமைச்சரவைத் தலைமைச் செயலர் யுகியோ எடானோ நாள்தோறும் செய்தியாளர்களைச் சந்தித்தார். உடல்நலத்திற்கு ‘உடனடிப் பாதிப்பு இல்லை’ என்பது அக்கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்ட தொடர். ‘உடனடி’ என்ற அடைமொழியைக் கேட்ட மக்கள், பின்னாளில் என்ன ஆகும் என்று வினவத் தொடங்கினர். ஆறுதல் தரச் சொல்லப்பட்ட தொடரே ஐயத்தின் விதையாயிற்று.

வெளிவராத வரைபடம்

காற்றின் திசையைக் கொண்டு கதிரியக்கத் துகள்கள் பரவும் வழியைக் கணிக்க, ‘ஸ்பீடி’ எனப்படும் கணினி அமைப்பு ஜப்பானிடம் இருந்தது. அதன் கணிப்பு மார்ச் 23ஆம் நாள்தான் மக்களுக்கு முதன்முறையாக வெளியிடப்பட்டது. அதற்குள் நமியே மக்கள் பலர் வடமேற்கிலுள்ள சுஷிமா பகுதியில் தங்கி, 15ஆம் நாள்தான் அங்கிருந்து அகன்றனர். கதிரியக்க மேகம் பரவிய திசையும் அதுவே. கணிப்பு நிச்சயமற்றதாயிருந்தது, உமிழ்வின் அளவு தெரியவில்லை என்பன அரசுத் தரப்பின் விளக்கங்கள். அவ்விளக்கங்களில் உண்மை உண்டு. எனினும், அந்த நிச்சயமின்மையோடு சேர்த்தே கணிப்பைத் தங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது இடம்பெயர்ந்தோரின் வாதமாயிற்று.

மேலிருந்து சொல் வராதபோது கீழுள்ள நிர்வாகங்கள் தாமே முடிவெடுத்ததற்கு மிஹாரு நகரம் சான்று. நிலையத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்நகரின் அலுவலர்கள் காற்றின் திசையையும் மழை வாய்ப்பையும் தாமே கணித்து, மார்ச் 15ஆம் நாள் 40 வயதிற்குட்பட்டோர்க்கு அயோடின் மாத்திரைகளை வழங்கினர். உரிய ஆணையின்றி வழங்கியதால் அவற்றைத் திரும்பப் பெறுமாறு மாகாண நிர்வாகம் கூறியது, நகரம் இணங்கவில்லை. மினாமிசோமா நகரத் தலைவர் கட்சுநோபு சகுராய், வீட்டினுள் அடைபட்ட தம் மக்களுக்கு உணவும் எரிபொருளும் வரவில்லை என்று யூடியூப் காணொளி வழியாக உலகிடம் முறையிட்டார்.

30 கிலோமீட்டர் எல்லைக்கு அப்பால் அமைந்த ஈதாத்தே கிராமம் மற்றொரு சான்று. மார்ச் இறுதியில் அங்கு எடுக்கப்பட்ட அளவீடு வெளியேற்ற வரம்பைத் தாண்டியுள்ளதாகப் பன்னாட்டு அணுசக்தி முகமை தெரிவித்தது. ஏறத்தாழ 6,000 பேர் வாழ்ந்த அக்கிராமம் வெளியேற்றப் பகுதியாக அறிவிக்கப்பட்டதோ ஏப்ரல் 22ஆம் நாள். வட்டமாக வரையப்பட்ட எல்லைக்குக் காற்று கட்டுப்படவில்லை என்பதை அம்மக்கள் தம் வாழ்வால் அறிந்தனர்.

நீரும் உணவும்

மார்ச் 23ஆம் நாள் தோக்கியோவின் கனமாச்சி நீர்த்தூய்மை நிலையத்தில் கிலோகிராமுக்கு 210 பெக்கரல் கதிரியக்க அயோடின் இருப்பது அறிவிக்கப்பட்டது. கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100, பிறருக்கு 300. எனவே குழந்தைகளுக்குக் குழாய்நீர் கொடுக்க வேண்டா என்று நகர நிர்வாகம் கூறியது. சில மணி நேரத்தில் கடைகளில் புட்டிநீர் தீர்ந்தது. இதனைப் பீதி என்று எழுதிய ஏடுகள் பல. வரம்பு எண் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட நிலையில், பால்மாவு கரைக்க நீர் தேடிய தாயின் செயல் அறிவிப்புக்கு இணங்கிய செயலே எனக் கொள்வது பொருந்தும்.

உணவில் நிலைமை மேலும் சிக்கலானது. ஜப்பானிய மொழியில் ‘ஃபூஹ்யோ ஹிகாய்’ என்றொரு தொடர் உண்டு. வதந்தியால் விளையும் சேதம் என்பது அதன் பொருள். ஃபுகுஷிமாவின் காய்கறியையும் மீனையும் வாங்க மறுத்தோர் இத்தொடரால் கண்டிக்கப்பட்டனர். நஞ்சற்ற விளைச்சலையும் விற்க இயலாத உழவரின் துயர் உண்மையானது. ஆகவே இத்தொடரை வெறும் அரசுச் சொல்லாடல் என ஒதுக்குதல் தகாது. ஆயினும் 2011 ஜூலையில், வரம்பைத் தாண்டிய சீசியம் கலந்த மாட்டிறைச்சி சந்தைக்குச் சென்றுவிட்டது தெரியவந்தது. திறந்தவெளியில் கிடந்த வைக்கோலைக் கால்நடைகள் தின்றதே காரணம். வதந்தி எனப்பட்ட ஐயத்திற்கு இங்கு அடிப்படை இருந்தது.

இந்நிலையை மாற்றியது அறிவுரையன்று, அளவீடே. 2012 ஏப்ரலில் பொது உணவுக்கான வரம்பு 500 பெக்கரலிலிருந்து 100 ஆகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு அறுவடை முதல் ஃபுகுஷிமா மாகாணத்தில் விளைந்த அரிசி மூட்டைகள் அனைத்தும், ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடி, ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. மக்களும் தாமே அளந்தனர். விபத்து நிகழ்ந்த சில நாள்களிலேயே தொடங்கப்பெற்ற ‘சேஃப்காஸ்ட்’ தன்னார்வக் குழு, வாகனங்களில் அளவுமானிகளைப் பொருத்தி வீதிவீதியாகப் பெற்ற எண்களை எவரும் காணுமாறு வெளியிட்டது. இவாக்கி நகரில் தாய்மார் முன்னின்று ‘தாராச்சினே’ என்னும் அளவீட்டு மையத்தை 2011 நவம்பரில் நிறுவினர்.

பள்ளி முற்றத்திலிருந்து வீதிக்கு

ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் வரை கதிர்வீச்சுள்ள பள்ளி முற்றங்களைப் பயன்படுத்தலாம் என்று 2011 ஏப்ரல் 19ஆம் நாள் கல்வி அமைச்சகம் அறிவித்தது. அதற்கு முன் பொதுமக்களுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட். அரசின் சிறப்பு ஆலோசகரான தொஷிசோ கொசாகோ இம்முடிவை ஏற்காது அம்மாத இறுதியில் பதவி துறந்தார். மே மாதம் ஃபுகுஷிமாவின் பெற்றோர் தோக்கியோவிலுள்ள அமைச்சகத்தின் முன் திரண்டனர். சில நாள்களில், பள்ளிகளில் பெறும் அளவை 1 மில்லிசீவர்டுக்குக் குறைக்க முயல்வதாக அமைச்சகம் அறிவித்தது. பெற்றோரின் வினா கொள்கையை அசைத்த தருணம் இது.

பொதுப்போராட்டங்களும் வளர்ந்தன. ஏப்ரல் 10ஆம் நாள் தோக்கியோவின் கோயென்ஜியில் ஏறத்தாழ 15,000 பேர் ஊர்வலம் சென்றனர். செப்டம்பர் 19ஆம் நாள் மெய்ஜி பூங்காவில் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் கென்சபுரோ ஓயே உள்ளிட்டோர் அழைத்த கூட்டத்தில் 60,000 பேர் கூடியதாக அமைப்பாளர்கள் கணக்கிட்டனர். 2012 மே 5ஆம் நாள் தொமாரியின் மூன்றாம் உலை சோதனைக்காக நிறுத்தப்பட்டபோது நாட்டின் எல்லா அணு உலைகளும் ஓய்ந்திருந்தன. ஓய் நிலைய உலைகளை மீண்டும் இயக்கப் பிரதமர் யோஷிஹிகோ நோடா முடிவெடுத்ததும், பிரதமர் இல்லத்தின் முன் வெள்ளிதோறும் நடந்த கூட்டங்கள் பெருகின. ஜூன் 29ஆம் நாள் கூடியோர் தொகை அமைப்பாளர் கணக்கில் 2 இலட்சம். காவல்துறைக் கணக்கில் அதனினும் பன்மடங்கு குறைவு. ஜூலை 1ஆம் நாள் ஓய் உலை இயங்கத் தொடங்கிற்று. அதே மாதம் வெளிவந்த நாடாளுமன்ற ஆணைய அறிக்கை, இவ்விபத்து மனிதரால் விளைந்தது என்று தெளிவாகக் கூறியது. மக்கள் வீதியில் எழுப்பிய குற்றச்சாட்டு அரசமைப்பின் ஆவணத்திலேயே இடம்பெற்றது.

பிற நாடுகள்

தொலைவிலிருந்தோரின் எதிர்வினைகள் வேறுபட்டன. சீனாவில் அயோடின் கலந்த உப்பு கதிர்வீச்சிலிருந்து காக்கும் என நம்பி மக்கள் உப்பை வாங்கிக் குவித்தனர். ஆதாரமற்ற அச்சத்திற்கு இது எடுத்துக்காட்டு; அத்தகைய அச்சமே இருந்ததில்லை என இக்கட்டுரை வாதிடவில்லை. இத்தாலியில் 2011 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தோருள் 90 விழுக்காட்டிற்கும் மேலானோர் அணுமின் திட்டத்தை மறுத்தனர். ஜெர்மனி தன் 17 உலைகளுள் எட்டினை மூடி, எஞ்சியவற்றையும் படிப்படியாக நிறுத்தச் சட்டமியற்றியது. இறுதி மூன்றும் 2023 ஏப்ரலில் நின்றன.

இடிந்தகரை

‘சுனாமி’ என்னும் ஜப்பானியச் சொல் 2004 டிசம்பர் 26க்குப் பின் தமிழ்க் கடற்கரையின் அன்றாடச் சொல்லாயிற்று. ‘ஆழிப்பேரலை’ என்னும் தமிழ்த்தொடரும் அப்போதே பரவியது. அன்று கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நீரேற்று நிலையத்தில் கடல்நீர் புகுந்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. 1988இல் சோவியத் ஒன்றியத்துடன் செய்த உடன்பாட்டின் வழி உருவான கூடங்குளம் நிலையத்தின் முதல் உலை, 2011இல் இயக்கத்தை நெருங்கியிருந்தது. ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் கண்ட மீனவர்கள் அலையைத் தாமே கண்டவர்கள். அதனால் வீடிழந்தோருக்காக எழுப்பிய குடியிருப்பு ஒன்று அந்நிலையத்திற்கு அருகிலேயே இருந்தது.

2011 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இடிந்தகரையில் உண்ணாநிலைப் போராட்டம் வலுப்பெற்றது. மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்துமாறு தமிழக அமைச்சரவை செப்டம்பர் 22ஆம் நாள் தீர்மானித்தது. மைய அரசு வல்லுநர் குழுவை அனுப்பியது. நவம்பரில் நிலையத்தைப் பார்வையிட்ட முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அது பாதுகாப்பானது என்றார். மின்சாரமின்றியும் வெப்பத்தை அகற்றும் அமைப்பு கூடங்குள உலைகளில் உண்டு என்பதும், நிலநடுக்கப் பெருவிளிம்பு தொலைவில் உள்ளது என்பதும் வல்லுநர் தரப்பின் வலுவான வாதங்கள். போராடியோர் கேட்டதோ அவ்வாதங்களின் அடிப்படை ஆவணங்களை. தள மதிப்பீட்டு அறிக்கையையும் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையையும் வெளியிடுமாறு 2012 ஏப்ரல் இறுதியில் மையத் தகவல் ஆணையம் ஆணையிட்டது, இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் சுப. உதயகுமாரின் விண்ணப்பத்தின் மேல்தான். ஃபுகுஷிமாவின் தாய்மார் அளவுமானி ஏந்தியதும் இடிந்தகரையார் அறிக்கை கோரியதும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை.

அதற்கு முன்பே, 2012 மார்ச் 19ஆம் நாள், மாநில அரசு பணிகளுக்கு இசைவளித்துவிட்டது. செப்டம்பர் 10ஆம் நாள் கடற்கரையில் திரண்டோர் மீது காவல்துறை தடியடியும் கண்ணீர்ப்புகையும் பயன்படுத்தியது. மணப்பாட்டில் துப்பாக்கிச்சூட்டில் மீனவர் ஒருவர் இறந்தார். ஆயிரக்கணக்கானோர் மீது அரசத்துரோகம் உள்ளிட்ட வழக்குகள் பதியப்பட்டன. 2013 மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்க அனுமதித்து 15 வழிகாட்டுதல்களை வழங்கியது. போராடியோர் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறும் கூறியது. அவ்வாண்டு ஜூலையில் முதல் உலை தொடர்வினையைத் தொடங்கியது.

முடிவுரை

ஃபுகுஷிமாவின் கதிர்வீச்சு மக்களின் உடல்நலத்தில் கண்டறியத்தக்க நேரடித் தீங்கை விளைவித்ததற்குச் சான்றில்லை என ஐ.நா. அறிவியற் குழு மதிப்பிட்டுள்ளது. அதே மாகாணத்தில் இடப்பெயர்வும் அதன் துன்பங்களும் காரணமாக நேர்ந்த ‘பேரிடர் தொடர்பான இறப்புகள்’ 2,300ஐத் தாண்டின. இவ்விரு செய்திகளையும் கொண்டு அச்சமே மக்களைக் கொன்றது என வாதிடுவோர் உளர். அவ்வாதம், வெளியேற்றம் அரசின் ஆணையால் நிகழ்ந்தது என்பதையும், முதியோரும் நோயாளரும் ஆயத்தமின்றி இரவோடிரவாக இடம் மாற்றப்பட்டனர் என்பதையும் கணக்கில் கொள்வதில்லை. எங்கே ஆபத்து, எங்கே இல்லை என்பது உரிய வேளையில் அறிவிக்கப்பட்டிருந்தால், எவர் வெளியேற வேண்டும், எவர் காத்திருக்கலாம் என்பதைத் தெளிந்து முடிவு செய்திருக்க இயலும்.

எண்கள் வெளிப்பட்ட இடங்களில் நம்பிக்கை மெல்லத் திரும்பியது. மறைக்கப்பட்ட இடங்களில் சரியான எண்ணும் நம்பப்படவில்லை. ஜப்பானின் அரிசிச் சோதனை முந்தையதற்கும், வெளிவராத வரைபடம் பிந்தையதற்கும் சான்றாகும். இடிந்தகரைப் போராட்டத்தில் வெளிவந்த தமிழ்த் துண்டறிக்கைகளும் உரைகளும் மீனவர் வாய்மொழிச் சான்றுகளும் இவ்வரலாற்றின் மூலங்கள். அவை உதிரியாகவே உள்ளன. அவற்றைத் திரட்டிக் காத்தலும், ஜப்பானிய மக்கள் ஆவணங்களோடு ஒப்பிட்டு ஆராய்தலும் ஆய்வு நூலகங்களின் முன் உள்ள உடனடிப் பணியாகும்.